அந்தத் தொண்டையில் மாங்கொட்டை இல்லை

செய்தி வந்தபோது நான் அரசு மருத்துவமனையில், வெறிநாய்க்கடி ஊசி போடும் அறைக்கு முன்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். ஊசி எனக்கு இல்லை. எனக்கு முன்னால் நின்ற மல்லேஷுக்கும் அவர் மனைவிக்கும். மல்காஜ்கிரியில் எருமை வைத்துப் பால் விற்கிற குடும்பம். அவர்களை அங்கே கூட்டிப் போகச் சொன்னவர் டாக்டர் ஸ்டெல்லா. கைப்பேசி அடித்தது. ஸ்டெல்லாவின் கணவர் தேவராஜ் பேசினார். "முடிஞ்சிட்டு டாக்டர்" என்றார். வரிசை நகர்ந்தது, நானும் நகர்ந்தேன். மல்லேஷின் மனைவி திரும்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஸ்டெல்லா ரேபிஸில் இறந்தார். ஊரில் உள்ள கால்நடை மருத்துவர்களுக்கெல்லாம் அந்த நோயைப் பற்றி இணையத்தில் பாடம் நடத்தியவர் அதே நோயில் போய்ச் சேர்ந்தார். இதை நாசூக்காகச் சொல்ல எனக்கு வரவில்லை. அப்படிச் சொன்னால் அவரே திட்டுவார்.

அவரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பாளையங்கோட்டைக்காரர். கணவருக்கு ரயில்வே பட்டறையில் வேலை என்பதால் கல்யாணமான கையோடு ஹைதராபாத் வந்தவர். மல்காஜ்கிரியில் ரயில்வே குடியிருப்பை ஒட்டி அவருடைய கிளினிக். என்னுடையது குகட்பள்ளியில். எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நான் அவரை 'டாக்டரம்மா' என்று சீண்டுவேன், அவர் என்னை 'டாக்டரு' என்பார்.

நாங்கள் கல்லூரியில் படித்ததெல்லாம் மாடு, எருமை, ஆடு, கோழி. நாய்க்குப் பேருக்குக் கொஞ்சம் பக்கங்கள். சாஃப்ட்வேர் கம்பெனிகள் வந்த வேகத்தில் குகட்பள்ளி அடுக்குமாடி வீடுகளில் பனிநாட்டு நாய்களெல்லாம் குடியேறிவிட்டன. அவற்றைத் தூக்கிக்கொண்டு வருகிற இளைஞர்களின் கையில் ஒரு காகிதக் கத்தை இருக்கும், இணையத்திலிருந்து அச்செடுத்தது. "நெட்ல வேற மாதிரி போட்டிருக்கே டாக்டர்?" என்பார்கள். எனக்கு ரத்தம் கொதிக்கும். "அப்போ நெட்டையே வந்து ஊசி போடச் சொல்லுப்பா" என்று ஒருவரிடம் சொல்லியே விட்டேன்.

இதை ஸ்டெல்லாவிடம் சொல்லிப் புலம்பினேன். அவர் சிரித்தார். "அவன் படிச்சுட்டு வாரான், நாம படிக்கல. இதுல கோவிச்சுக்கிட என்ன இருக்கு டாக்டரு? நாமளும் படிச்சுட்டுப் போவோம்" என்றார்.

சொன்னதோடு நிற்கவில்லை. தெருமுனை பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்து வெளிநாட்டுக் கால்நடை மருத்துவர்களின் தளங்களைப் படித்தார். பிறகு வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். தெரிந்த டாக்டர்களின் முகவரிகளையெல்லாம் சேர்த்து ஒரு மின்னஞ்சல் குழுவைத் தொடங்கினார். தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் எங்கெங்கோ தனியாக உட்கார்ந்திருந்த டாக்டர்கள் தங்களுக்குப் புரியாத கேஸை அதில் எழுதுவார்கள், தெரிந்தவர் பதில் சொல்வார். 'தட்டச்சு பஜனை' என்று நான் கேலி செய்வேன். ஆனால் காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் அதைத்தான் திறந்து பார்ப்பேன்.

குழுவில் இரண்டு விதிகள். கேட்பவரை யாரும் ஏளனம் செய்யக் கூடாது. கேஸ் போட்டவர் அதன் முடிவையும் போட வேண்டும். பிழைத்தால் பிழைத்தது, செத்தால் செத்தது, எழுதியே ஆக வேண்டும்.

முதல் விதியை அவர் எப்படிக் காத்தார் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். கரீம்நகர் பக்கத்து இளம் டாக்டர் ஒருவர் பூனைக்கு மனிதர்களின் காய்ச்சல் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, ஈறெல்லாம் நிறம் மாறிவிட்டது, என்ன செய்ய என்று பதறி எழுதினார். ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி ஒருவர், 'உனக்குப் பட்டம் கொடுத்த கல்லூரி எது?' என்று பதில் போட்டார். ஸ்டெல்லா அவரைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார். மனிதர் கிளினிக்குக்கே வந்து குதித்தார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். ஸ்டெல்லா குரலை உயர்த்தவே இல்லை. "சார், அந்தப் பையன் வெக்கப்படாம கேட்டான். இப்ப நீங்க இப்படிப் பேசுனா இனிமே எவன் வாயத் திறப்பான்? நாம படிக்கணும்லா சார்" என்றார். அதிகாரி கடைசி வரை திரும்பி வரவில்லை. குழு பாட்டுக்கு வளர்ந்தது.

பிற்பாடு இணையம் கொஞ்சம் வேகம் பிடித்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் குரல் வழி வகுப்பு தொடங்கினார். "கேக்குதா? எல்லாருக்கும் கேக்குதா?" என்றுதான் ஆரம்பிப்பார். மின்சாரம் போய்ப் போய் வரும். யாராவது ஒருவர் வீட்டில் குக்கர் கத்தும். அந்த வகுப்பில்தான் ரேபிஸ் பாடத்தை எடுத்தார். எச்சில் ஒழுக்கிக்கொண்டு விழுங்க முடியாமல் நிற்கும் மாடு என்றால் தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்றுதான் எவருக்கும் தோன்றும். உடனே கையை விட்டுத் துழாவாதீர்கள், ரேபிஸும் இப்படித்தான் நிற்கும் என்றார். முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்லி எல்லாரையும் நச்சரித்தார். நானும் அவர் தொல்லை தாங்காமல்தான் போய்ப் போட்டுக்கொண்டேன்.

இந்தக் கோடையில் மல்லேஷ் அவரைக் கூப்பிட்டார். எருமை எச்சில் ஒழுக்குகிறது, தீவனம் இறங்கவில்லை. கொட்டிலைப் பிறகு நானே போய்ப் பார்த்தேன். பக்கத்துப் பழக்கடையிலிருந்து கொட்டிய மாம்பழத் தோலும் கொட்டையுமாகத் தரையே தெரியவில்லை. மாங்கொட்டையை விழுங்கித் திணறும் எருமைகளை இந்த ஊரில் கோடைக்குக் கோடை பார்க்கிறோம். கடி பட்டதா என்று ஸ்டெல்லா கேட்டிருக்கிறார். நாயே இந்தப் பக்கம் வராது என்றிருக்கிறார் மல்லேஷ். ஸ்டெல்லா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு எருமையின் வாய்க்குள் கையை விட்டார். மாங்கொட்டை இல்லை. பல் உரசிக் கையில் கொஞ்சம் தோல் வழண்டது.

அன்றே குழுவில் கேஸை எழுதினார். இரண்டு நாட்களில் முடிவைக் கேட்டு மல்லேஷுக்குப் போன் செய்தார். "பிலகுல் டீக் மேடம், நல்லா சாப்பிடுது" என்றார் மல்லேஷ். ரேபிஸ் என்றால் பிழைத்திருக்காது என்ற நிம்மதியில் 'குணமாகிவிட்டது' என்று ஸ்டெல்லா எழுதினார். நாங்கள் எல்லாரும் கைதட்டும் படம் போட்டோம். உண்மையில் மல்லேஷ் அந்த எருமையை மறுநாளே கசாப்புக்காரருக்கு விற்றிருந்தார்.

மழைக்காலம் வந்தது. வகுப்பு முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா, "மவுஸப் பிடிச்சுப் பிடிச்சுக் கையில எறும்பு ஊருத மாதிரி இருக்கு டாக்டரு" என்றார். எங்கள் ஊரில் இப்போது பாதிப் பேருக்கு அந்தப் புகார்தான். எலும்பு டாக்டர் மணிக்கட்டுக்குப் பட்டை மாட்டிவிட்டார். அடுத்து காய்ச்சல் வந்தது. பிறகு ஒரு காலையில் தேவராஜ் என்னை அழைத்து, "உங்களை உடனே வரச் சொல்லுதா" என்றார்.

ஸ்டெல்லா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மேஜையில் ஒரு டம்ளர் தண்ணீர். "தண்ணி இறங்க மாட்டேங்குது" என்றார். பிறகு என் கண்ணைப் பார்த்து, "அந்த எருமைதான் டாக்டரு" என்றார்.

"நீங்க தடுப்பூசி போட்டிருக்கீங்கல்ல? எங்களை எல்லாம் அடிச்சு விரட்டிப் போட வச்சீங்களே?"

"எங்க? அடுத்த வாரம், அடுத்த வாரம்னு போயிட்டு."

எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. செத்துப்போனவரிடம் கோபப்படலாமா என்று கேட்காதீர்கள். கோபம் வருகிறது, நான் என்ன செய்ய?

மருத்துவமனையில் சேர்த்தோம். கேஸைக் குழுவில் போடச் சொன்னார். "இனம்னு இருக்கிற இடத்துல மனுஷின்னு போடுங்க. தடுப்பூசி போடலன்னும் எழுதுங்க. மறைக்காதீங்க" என்றார். எழுதினேன். எங்கெங்கிருந்தோ பதில்கள் கொட்டின. அவர்கள் ஆஸ்பத்திரிகளுக்குப் போன் செய்தார்கள், பேராசிரியர்களை எழுப்பினார்கள், மருந்தோடு விமானம் ஏறவும் ஒருவர் தயாராக இருந்தார். கடல் தாண்டி எங்கோ யாரோ பிழைத்ததாக ஒருவர் எழுத, அந்த நூலைப் பிடித்துக்கொண்டு நான் நாடு நாடாகக் கூப்பிட்டேன். எல்லாரும் அன்பாகப் பேசினார்கள். ஒருவரிடமும் ஒன்றும் இல்லை. ஸ்டெல்லாவைக் கவனித்த ஆஸ்பத்திரி டாக்டர் என் தோளைத் தொட்டு, "சார், உங்களுக்கே தெரியும்" என்றார். தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

ஸ்டெல்லாவின் மகள் இங்கேயே படித்த பெண். அம்மாவின் தமிழ் புரியும், பதில் தெலுங்கில்தான் வரும். வராந்தாவில் மடிக்கணினியோடு என் பக்கத்தில் உட்கார்ந்து, "நெட்லோ ஏமீ லேதா அங்கிள்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நெட்டில் ஒன்றுமே இல்லையா என்று. இன்னும் தேடுவோம் என்றேன்.

நினைவு தெளிவாக இருந்த ஒரு சமயத்தில் ஸ்டெல்லா என்னை அழைத்தார். என் உதடு காய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டார். "வெளிய போய்த் தண்ணி குடிச்சுட்டு வாங்க. இங்க வச்சுக் குடிக்காதீங்க, எனக்குப் பார்க்க முடியாது" என்றார். குடித்துவிட்டு வந்தேன். "அந்த வீட்டுல வேற யாரு எருமை வாயில கை வச்சாங்கன்னு கேட்டீங்களா?" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. "போங்க. இங்க நின்னு என்னத்துக்கு? அவங்களுக்கு இன்னும் நேரம் இருக்குல்லா" என்றார். அவர் என்னிடம் சொன்ன கடைசி வார்த்தைகள் அவை.

மல்லேஷை அடிக்கிற எண்ணத்தோடுதான் போனேன். சட்டையைப் பிடித்தேன். "செத்துடும்னு தெரிஞ்சுது சாப், அதான் வித்தேன். மேடம்கிட்ட சொல்ல பயம்" என்று அழுதார். அவர் மனைவி நடுவில் வந்து தன் கையை நீட்டிக் காட்டினார். அந்த எருமைக்கு அவர்தான் வெல்ல உருண்டையை வாய்க்குள் திணித்துப் பார்த்திருக்கிறார். ஊசி என்றதும் மல்லேஷ், "நக்கோ சாப், நக்கோ" என்று பின்வாங்கினார். இரண்டு பேரையும் ஆட்டோவில் தள்ளி ஏற்றினேன். அந்த வரிசையில் நிற்கும்போதுதான் தேவராஜ் கூப்பிட்டார்.

அடக்கம் முடிந்தது. பெட்டியைத் திறக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பை யாரும் ரத்து செய்யவில்லை, யாருக்கும் தோன்றவில்லை. வழக்கமான நேரத்தில் நான் திறந்தபோது திரையில் எல்லாருடைய பெயர்களும் இருந்தன. அப்போது தர்மபுரிப் பக்கத்து இளம் டாக்டர் ஒருவர் ஒரு வரி எழுதினார்: 'பசு, எச்சில் ஒழுகுது, விழுங்கல, தொண்டையில சோளக்கட்டை இருக்கும்னு சொல்றாங்க, கை விட்டுப் பார்க்கலாமா?' ஊரில் இல்லாமல் இருந்தவராம், இங்கே நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

திரை முழுக்க 'வேண்டாம்' என்று விழுந்தது. நான் எழுதவில்லை, போனிலேயே கூப்பிட்டேன்.

"ஏற்கெனவே விட்டுட்டேன் சார். ஒண்ணும் தட்டுப்படல, அதான் கேட்டேன்."

"கையில கீறல் இருக்கா?"

"லேசா இருக்கு சார்."

"குழாய் எங்க இருக்கு? சோப்பு எடுங்க. நல்லாத் தேய்ச்சுக் கழுவிட்டு அப்படியே ஊசிக்குக் கிளம்புங்க."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை சார். நாளைக்குக் காலைல…"

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. என் வீட்டில் உள்ளவர்கள் ஓடி வந்தார்கள். மறுமுனையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

"போதுமா சார்?"

"போதாது. இன்னும்."

போனைக் காதில் அழுத்திக்கொண்டு தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவர் ஊசி போட்டுக்கொண்ட பிறகுதான் வீட்டுக்குப் போனார், நான் விடவில்லை.

போய் வாருங்கள், டாக்டரம்மா. அந்தத் தர்மபுரிப் பையன் கையைக் கழுவிவிட்டான்.