மூடிக்கு அடியில் கட்டிய கவர்

சாவு வீடுகளுக்கு ஃப்ரீசர் பெட்டி கொண்டுபோய் வைப்பதுதான் என் பிழைப்பு. அன்று பட்டாபிராமிலிருந்து நூம்பலுக்குப் போக வேண்டும். விடியற்காலையில் இறந்தவரின் மகள் துபாயிலிருந்து இரவுதான் வந்து சேர்வாள். அதுவரை முகம் கெடாமல் இருக்க வேண்டும்.

கரையான்சாவடிக்கு முன்பே என் பழைய டீசல் பிக்கப் திணறி நின்றது. டீசல் ஃபில்டர் மேலிருக்கும் கைப்பம்பை அமுக்கிக் காற்றை வெளியேற்றினேன். கிளம்பியது, கொஞ்ச தூரத்தில் மறுபடி நின்றது. கையிலிருந்த புது ஃபில்டரைப் போட்டேன். டீசல் வரும் ட்யூபைக் கழற்றி ஊதினேன். அதே கதைதான்.

இறந்தவரின் தம்பி போன்மேல் போன் போட்டார்.

"எங்க கீற நைனா? வெயில் ஏறிகினே கீது."

"தோ வந்துட்டேண்ணா, பக்கத்துலதான் கீறேன்."

ஒவ்வொரு முறையும் இதையேதான் சொன்னேன். வண்டி ஓட்டுகிற எல்லோரும் சொல்வதுதான்.

பொழுது சாய்ந்தபோது, டீசல்தான் தீர்ந்துவிட்டதோ என்று டேங்க் மூடியைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. முந்தின நாள் மழையில் தண்ணீர் இறங்காமலிருக்க, மூடிக்கு அடியில் நான்தான் பிளாஸ்டிக் கவர் கட்டியிருந்தேன். காற்று நுழைய வழியில்லாமல் டேங்க் டீசலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. கவரைக் கிழித்தெறிந்ததும் வண்டி ஓடியது.

நூம்பலில், முகம் கெட்டுப்போனதால் சவப்பெட்டியை மூடி ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். தம்பி என்னைத் திட்டவில்லை.

"வண்டி நின்னுபோச்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேற பொட்டி கொண்டாந்திருப்போம்பா. நீ பக்கத்துல கீறேன், பக்கத்துல கீறேன்னே சொன்ன. இன்மே பொண்ணுக்கு இன்னாத்த காட்றது?"

கவர் கட்டியது தெரியாமல் செய்தது. மற்றது அப்படியில்லை.

காலிப் பெட்டியோடு திரும்பினேன். வழியில் வண்டி எங்கேயும் நிற்கவில்லை.