மேனேஜரின் ஈஸ்ட்டுக்கு நான் பார்த்த டியூட்டி

ஓமானின் சோஹார் நகரில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனை லேபில் டெக்னீஷியனாக இருந்தேன். குடிநீர், கடல்நீர், கழிவுநீர் எல்லாவற்றுக்கும் டியூட்டி பார்த்திருக்கிறேன். பீருக்கும் ஒருமுறை பார்த்தேன்.

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் பெரிய கண்ணாடி ஃபிளாஸ்க் ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே மால்ட் கரைசல், அடியில் ஈஸ்ட். ரகசியமாக வீட்டில் பீர் தயாரிக்கிறாராம்.

"ஸ்ட்ராங் பீருக்குக் கொஞ்சூண்டு ஈஸ்ட் பத்தாது செல்வம். இப்படி ஸ்டார்ட்டர் போட்டுப் பெருக்கணும். நம்ம மேக்னெடிக் ஸ்டிரர்ல வச்சுக் கலக்கிட்டே இரு. இறுக்கி மூடிடாத, ஃபாயில் மட்டும் போடு, காத்து போகணும்."

"மாட்டினா என்ன சார் பண்றது?"

"நான் பாத்துக்கறேன். ஆமா, உன் விசா ரினியூவல் என் டேபிள்லதான இருக்கு?"

இவ்வளவு அன்பாகக் கேட்டால் மறுக்க மனம் வருமா? ஆனாலும் பயமாகத்தான் இருந்தது. மாட்டினால் என் வேலை போகும், ஊரில் இரண்டு பிள்ளைகளின் படிப்பும் போகும்.

மறுநாள் நுரை பொங்கி வந்த நேரத்தில் லேபின் ஓமானி முதலாளியான கஃபீல் சொல்லாமல் கொள்ளாமல் நுழைந்தார். 'பாத்துக்கறேன்' என்ற மேனேஜர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"க்யா ஹை பாய் யே?" என்று, இது என்னவென்று இந்தியில் கேட்டு ஃபிளாஸ்க்கைக் காட்டினார் கஃபீல்.

"கழிவுநீர் சாம்பிள், சார்."

குனிந்து முகர்ந்தார். கழிவுநீரில் ரொட்டி வாசனை எப்படி வரும் என்று கேட்டார்.

"பேக்கரி கழிவுநீர், சார்." என் வாய்தான் சொன்னது. மூளையைக் கலந்து பேச அதற்கு நேரமில்லை.

கஃபீலின் முகம் மலர்ந்துவிட்டது. ஊரில் எத்தனை பேக்கரி இருக்கிறது, இந்த பிசினஸ் நமக்கு ஏன் இதுவரை தோன்றவில்லை என்று மேனேஜரைக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, இப்போதே டெஸ்டை ஆரம்பி என்றார். "யல்லா!"

சாம்பிள் கெடாமல் இருக்க முதலில் ஆசிட் விட வேண்டும். விட்டேன். நுரை அடங்கியது. கஃபீல் போனதும் மேனேஜர் நாற்காலியில் சரிந்தார்.

"எல்லாத்தையும் கொன்னுட்டியேடா!"

"புரொசீஜர் மாறக்கூடாதுன்னு நீங்கதான சார் சொல்லுவீங்க?"

விசா ரினியூ ஆனது. புதிய பேக்கரி செக்‌ஷனுக்கு என்னையே போடச் சொல்லி கஃபீல் உத்தரவிட்டாராம். ரிட்டயர் ஆகும்வரை சோஹார் பேக்கரிகளின் பின்பக்கச் சாக்கடைகளில் குனிந்து தண்ணீர் மொண்டேன்.

ஆகவே தம்பிகளே, முதலாளியிடம் பொய் சொல்ல நேர்ந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். அவருக்கு லாபம் வருகிற பொய்யாக மட்டும் சொல்லிவிடாதீர்கள்.