பெலிக்ஸின் முயல் மசால்

அகரம் கிராமத்துக்கு மேற்கே பெலிக்ஸுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரிக் காடு. மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் கருவேலஞ்செடி. சித்திரை பிறந்துவிட்டால் வீட்டு மாடுகள் நான்குக்கும் விலா எலும்பை எண்ணிவிடலாம். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் மனுஷன் முயல் மசாலில் இறங்கினார். பயறு வகைத் தீவனம் அது. ஒருமுறை விதை உதிர்ந்துவிட்டால் வறண்ட காட்டிலும் வருடாவருடம் தானே முளைத்து மேய்ச்சல் தரும். ஆனால் முதல் வருடம் ஒரு மாடும் வாய் வைக்கக் கூடாது.

அந்த முதல் வருடம்தான் அவருக்கு வாய்க்கவே இல்லை.

முதல் தடவை, விதையை வெந்நீரில் ஊற வைக்காமலே தூவினார். தோல் கெட்டியான விதை. முளைக்காமல் கிடந்து எறும்புக்குப் போனது. இரண்டாம் தடவை முளைத்தது. பயிர் இல்லாத காடு ஊர் மந்தைக்கெல்லாம் பொது என்பது அங்கே பழக்கம். பக்கத்துக் காட்டு சடையாண்டியின் ஆடுகள் இரண்டே நாளில் மொட்டையடித்துவிட்டன.

“ஒத்த வருசம் விடாதீங்கண்ணே. விதை விழுந்துட்டா அப்புறம் எல்லா மாடும் மேயலாம்” என்று கெஞ்சினார் பெலிக்ஸ்.

“புல்லுக்குக் காவல் காக்குற ஆள இப்பத்தான் பாக்குறேன் அப்பு” என்றார் சடையாண்டி. டீக்கடையே சிரித்தது.

மூன்றாம் தடவை சுற்றிலும் முள் வெட்டிப் போட்டு, உள்ளே போய்வர ஒரு படல் வைத்தார். ஐப்பசி மழை ஏமாற்றவில்லை. மார்கழியில் மஞ்சளாகப் பூத்து, தை பிறந்தபோது காயும் முற்றிவிட்டது. இன்னும் பத்து நாளில் உதிரும். பூரிப்பு தாங்காமல் தினமும் படலைத் திறந்து, ஒரு கை பறித்துச் செவலைப் பசுவுக்கு ஊட்டினார். கெடுத்தது அந்த ஒரு கைதான்.

கால்நடைகளைக் காக்கும் புனிதரான அந்தோணியாரின் பொங்கல் வந்தது. பங்குச் சாமியார் மாடுகளுக்குத் தீர்த்தம் தெளித்ததும் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். பொழுது சாயும்வரை கட்டவும் கூடாது, அடிக்கவும் கூடாது. பெலிக்ஸும் அவிழ்த்தார். செவலை நேரே போய்ப் படலை முட்டித் தள்ளியது. பின்னாலேயே ஊர் மாடு அத்தனையும் நுழைந்தன.

கம்போடு ஓடியவரை மனைவி ஆனந்தமேரி மறித்தார். “இன்னைக்கு அடிக்காதீங்க. அந்தோணியார் பொறுக்க மாட்டாரு.”

“நான் மூணு வருசமா பொறுத்துக்கிட்டுத்தான இருக்கேன்!” என்று கத்தினார். கம்பை வீசி எறிந்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து அழுதார். அடிக்க மட்டும் மனம் வரவில்லை.

வயிறு நிறைந்த மாடுகள் வழக்கம்போல சடையாண்டி காட்டு வேப்பமரத்தடியில் போய்ப் படுத்தன. அந்த வாரம் முழுக்கச் சாணி போட்டதும் அங்கேதான். பெலிக்ஸ் காட்டில் ஒரு காய்கூட மிஞ்சவில்லை; மிதிபட்டு நின்ற செடிகளைக் கோடை தீர்த்தது.

அடுத்த கார்த்திகையில் செவலையை ஓட்டிக்கொண்டு போனவர் வேப்பமரத்தருகே நின்றுவிட்டார். மக்கிய சாணியைப் பிளந்துகொண்டு, மரத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு முயல் மசால். அதைச் சுற்றி சடையாண்டி முள் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஒம் மாட்ட இந்தப் பக்கம் விட்றாத அப்பு. ஒத்த வருசந்தான். விதை விழுந்துட்டா அப்புறம் எல்லா மாடும் மேயலாம்.”

பெலிக்ஸ் கயிற்றைப் பிடித்து இழுத்தார். செவலை நகரவில்லை.