வலது பக்கத்து மாதம்

கிறிஸ்டினாவுக்கு ஒரு பக்கத்துக் கருக்குழாய்தான் மிச்சம். சில வருஷங்களுக்கு முன்னால் கரு குழாயிலேயே தங்கி வெடித்துவிட்டது. உயிர் பிழைத்தால் போதும் என்று இடது பக்கக் குழாயை எடுத்துவிட்டார்கள்; முட்டைப் பை மட்டும் இரண்டு பக்கமும் இருந்தது. அதிலிருந்து மாதாமாதம் ஸ்கேன் சென்டர் பெஞ்சில் உட்கார்ந்து, முட்டை எந்தப் பக்கம் வளர்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதே அவள் பிழைப்பாகிவிட்டது. இடது பக்கம் என்றால் பெரிதாக நம்பிக்கை வைக்க வேண்டாம் என்பார் டாக்டரம்மா. வலது பக்கம் என்றால் முட்டை வெடிக்கும் நாளை விட்டுவிடாமல் இருவரும் சேர வேண்டும். காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி விடுதியில் சப்பாத்தி தேய்க்கிறவள் அவள். அரை நாள் லீவுக்கு ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு பொய் வேண்டியிருந்தது.

புருஷன் சுகுமார் திருமுடிவாக்கத்தில் லேத் ஓட்டுகிறவன். நல்லவன்தான். "இன்னிக்கி" என்று அவள் போனில் சொன்னால் ஓவர்டைமை உதறிவிட்டு வந்துவிடுவான். ஆசையெல்லாம் எப்போதோ வடிந்துபோயிருந்தது. மருந்து குடிப்பதுபோல முடித்துவிட்டு, அவள் இடுப்புக்கடியில் தலையணை வைத்துக்கொண்டு சீலிங் ஃபேனைப் பார்ப்பாள். அவன் அவள் காலைப் பிடித்துவிடுவான்.

இந்த ஆகஸ்டில் மாமியார் செல்லம்மா ஒரு வேண்டுதல் வைத்தாள். மகன் காவி கட்டி வேளாங்கண்ணிக்கு நடந்தே போனால் மாதா பிள்ளை கொடுப்பாளாம். போய்த் திரும்பும்வரை பெண்டாட்டியைத் தொடக் கூடாதாம். பாதர் அப்படி எதுவும் சொல்லவில்லை. சட்டம் போட்டது செல்லம்மா. எப்போதும் தள்ளிப்போகிற உடம்புதானே, அவன் திரும்பிய பிறகுதான் நாள் வரும் என்று கிறிஸ்டினாவும் தலையாட்டிவிட்டாள். அந்த மாதம் பார்த்து முட்டை முந்திக்கொண்டது. சுகுமார் நடைபயணக் கூட்டத்தோடு கிளம்பிய மூன்றாம் நாள் ஸ்கேன் எடுத்த நர்ஸ் ஜான்சி சிரித்தாள்.

"வலது பக்கம்க்கா! சூப்பரா வளர்ந்துகீது. இன்னிக்கி ராத்திரி வுட்டுடாதீங்க."

சுகுமாரின் போன், நடப்பவர்களுக்குப் பின்னால் சாமான் ஏற்றிப் போகும் வேனில், துணைக்குப் போயிருந்த செல்லம்மாவின் பையில் இருந்தது. கூப்பிட்டால் அவள்தான் எடுப்பாள். மாமியாரிடம் இதையா சொல்ல முடியும்? அன்றைக்கு அச்சிறுபாக்கத்தில் தங்கல் என்று தெரியும். கிறிஸ்டினா தாம்பரத்தில் திண்டிவனம் பஸ் ஏறிவிட்டாள்.

அச்சிறுபாக்கத்தில் சாலையோரப் பந்தலில் நடைபயணிகள் படுத்திருந்தார்கள். சுகுமாரின் பாதமெல்லாம் கொப்புளம். பார்த்ததும் அவளுக்கு அழுகை முட்டியது. பக்கத்தில் உட்கார்ந்து காதோடு சொன்னாள்.

"வலது பக்கங்க. இன்னிக்கி மட்டும் வூட்டுக்கு வாங்க. காலையில இதே எடத்துல பஸ்ல எறக்கி வுடறேன், இங்கேருந்தே நடங்க."

அவன் முகத்தில் ஒரு கணம் வெளிச்சம் வந்தது. பிறகு இடுப்பிலிருந்த காவித் துணியைப் பார்த்தான்.

"இத்த கட்டிக்கினு எப்டிம்மா? மாதாகிட்ட கேக்கத்தானே போய்கினு கீறேன்."

"மாதா குடுத்துட்டாங்க. நாமதான் வாங்கிக்க மாட்டேன்றோம்."

அவன் கண் கலங்கியது. எழுந்தும் நின்றான். வந்துவிடுவான் என்றே நினைத்தாள். அதற்குள் வேனிலிருந்து செல்லம்மா இறங்கிவிட்டாள்.

"விரதத்துல கீறவன்கிட்ட இன்னாடி குசுகுசுன்னு?"

பந்தலே திரும்பிப் பார்த்தது. சுகுமார் தலையைக் குனிந்துகொண்டு ஜெபமாலை சொல்கிறவர்களோடு போய் உட்கார்ந்துவிட்டான். கிறிஸ்டினா வந்த வழியே பஸ் ஏறினாள். வழி நெடுக ஜன்னலோரம் அழுதுகொண்டே வந்தாள். பக்கத்து சீட்டுக்காரி, யார் செத்துப்போனார்கள் என்று கேட்டாள்.

அந்த மாதமும் அவளுக்குத் தீட்டு வந்தது. அதற்குள் சுகுமார் கால் ஆறி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். செல்லம்மா தெருவில் ஒருத்தி பாக்கியில்லாமல் சொல்லி வைத்திருந்தாள்: நடுவழியில் போய் விரதத்தைக் கலைக்கப் பார்த்தாளே, மாதா எப்படிக் கொடுப்பாள்?

கிறிஸ்டினா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிழவிக்கு எதையாவது சொல்ல வேண்டும், சொல்லிவிட்டுப் போகட்டும். அவனுக்கு உண்மை தெரியும், அது போதும் என்றிருந்தாள். அன்று அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள், "இந்த மாசமும் இல்லங்க."

சுகுமார் வெகுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். கோபமே இல்லாத குரலில், மெதுவாகச் சொன்னான்.

"அன்னிக்கி நீ அங்க வராம இருந்திருக்கலாம், கிறிஸ்டி."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அன்றுதான் அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை.