ஞானம் அக்காவும் குப்பை லோரி வரும் நாளும்

நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்குப் பெருமை தராத பகுதியையும் விடமாட்டேன். எங்கள் சிலிபின் குடியிருப்பில் ஞானம் அக்காவை அறிந்த நீங்கள் இதைப் படிப்பீர்கள். எங்காவது பிசகியிருந்தால் திருத்துங்கள்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை குப்பை லோரி எங்கள் வரிசைக்குள் வந்தது. லோரி ஊழியர் தங்கையா அண்ணன் வழக்கம்போல் லோரியில் தொங்கும் தண்டவாளத் துண்டைத் தட்டினார். மற்ற எல்லா வாசலிலும் தொட்டி இருந்தது. ஞானம் அக்காவின் வாசலில் இல்லை. மறுபடியும் தட்டினார். நெஞ்சுவலி என்று ஞாயிறன்று அக்காவை மருத்துவமனையில் சேர்த்திருந்தது அவருக்குத் தெரியாது. "என்ன, அக்கா இன்னிக்கு லேட்டா லா?" என்று என்னிடம் அவர் கேட்கும்போதே அக்காவின் மூத்த சகோதரர் சூசை மாமா டாக்சியில் வந்து இறங்கினார்.

"இனிமே தட்ட வேணாம் தம்பி," என்றார். "விடிகாலையில போயிட்டா."

ஞானம் அக்கா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். சிறு வயதுக் காய்ச்சலில் இரு கண்களிலும் பார்வை போனது. ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் தொலைபேசி இணைப்பு கொடுக்கும் வேலை. 1981-இல் எங்கள் பக்கத்து வீட்டுக்குத் தனியாகக் குடிவந்தார். இருட்டிய பிறகு நான் போனால் முதலில் விளக்கைப் போடுவார். "எனக்கு வேணாம். நீதான் எதுலயாவது முட்டிக்குவ," என்பார்.

மறு ஆண்டு, நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, நகராண்மைக் கழகம் குப்பை அள்ளும் நாள்களை மாற்றி, வீட்டுக்கு வீடு அறிவிப்புத் தாள் போட்டது. அக்கா தன் தாளை என்னிடம் தந்து வாசிக்கச் சொன்னார். இனி செவ்வாயும் சனியும் என்று மலாயிலிருந்து தமிழில் சொல்லிவிட்டுத் தாளை மடித்தேன். வீட்டில் ஒரு கதைப் புத்தகம் பாதியில் கிடந்தது.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் அக்கா."

அடியில் சிறிய எழுத்தில் இரண்டு வரிகள் இருந்தன. பெருநாள் வாரத்தில் மட்டும் செவ்வாய்க்குப் பதில் வியாழன் என்று அவை கூறின. அவற்றை நான் பார்த்தேன். முக்கியமில்லை என்று விட்டுவிட்டேன்.

பெருநாள் வாரம் வந்தது. அந்தச் செவ்வாயன்று ஞானம் அக்காவின் தொட்டி மட்டும் வெளியே நின்றது. நாய்கள் அதைக் கவிழ்த்தன. இறால் ஓடும் மீன் தலையும் எதிர்வீட்டு வாசல்வரை இழுபட்டன.

"கண்ணு தெரியலன்னா வாயும் இல்லையா? நாலு பேர்கிட்ட கேக்கறதுதானே!" என்று எதிர்வீட்டுப் பாக்கியம் அக்கா சத்தம் போட்டார்.

"என் தப்புதான் லா. கழுவி விட்டுடறேன்," என்று ஞானம் அக்கா முட்டி போட்டு, கையால் தடவித் தடவி அள்ளினார். என் பெயரைச் சொல்லவில்லை. நான் சன்னலுக்குப் பின்னால் நின்றேன்.

அன்று பார்த்துக் கமுந்திங்கிலிருந்து சூசை மாமா வந்தார். "தனியா இருந்தது போதும். வீட்டக் காலி பண்ணிட்டு என்கூட வந்துரு," என்றார். அக்கா மூன்று மாதம் கேட்டார். அதற்குள் இன்னொரு முறை இப்படி நடந்தால் கிளம்பிவிடுவதாக ஒப்புக்கொண்டார். ஒரு குப்பைத் தொட்டியை நம்பி அவருடைய வீடே நின்றது.

மாலையில் அக்காவிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "எனக்கு எது வேணும், எது வேணாம்னு நீ முடிவு பண்ணிட்ட. அது என் வேலை இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வாரம் இருவரும் நகராண்மைக் கிளை அலுவலகத்துக்குப் போனோம். பார்வையில்லாதவருக்கும் தெரியும்படி சொல்ல வழி வேண்டும் என்றார் அக்கா.

"அதான் நோட்டீஸ் போட்டிருக்கோமே லா. யாராச்சும் படிச்சுச் சொல்லமாட்டாங்களா?" என்றார் எழுத்தர்.

"சொன்னாங்க சார். பாதி சொன்னாங்க."

எனக்குக் காது சுட்டது.

அக்கா தொடர்ந்தார். "தோட்டத்துல விடியறதுக்கு முன்ன தண்டவாளத் துண்டத் தட்டித்தான் ஆளுங்களக் கணக்கெடுக்கற பெரட்டுக்குக் கூப்பிடுவாங்க. யாருக்கும் கடுதாசி போடல. எனக்கும் தெரிஞ்சது. லோரியில ஒண்ணு தொங்கவிட்டா என்ன?"

"பெரட்டு அடிச்சா எல்லாரும் மரம் வெட்டிப் பால் எடுக்கக் கிளம்பிடுவாங்க அக்கா!" என்று எழுத்தர் சிரித்தார். அக்காவும் சிரித்தார், நாற்காலியை விட்டு எழவில்லை.

வேலை முடிந்து கையெழுத்துப் போட வந்திருந்த தங்கையா அண்ணன் இதைக் கேட்டார். அவரும் தோட்டத்துப் பிள்ளைதான். "இரும்ப நான் தேடிக்கறேன் சார். நாள் மாறுனா முந்துன நடையிலயே வாசலுக்கு வாசல் சொல்லிடறேன். நீங்க சரின்னு சொன்னாப் போதும்."

எழுத்தர் சரி என்றார். அக்கா அப்போதும் எழவில்லை. "கடைசி வீட்டு முனியாண்டி அண்ணனுக்குக் காது கேக்காது. படிக்கவும் தெரியாது. அவருக்கு?"

அவர் வீட்டைத் தாண்டித்தான் நான் தினமும் பள்ளிக்குப் போவேன். ஒருநாளும் எனக்கு அது தோன்றியதில்லை.

லோரி வருவதற்கு முந்தைய மாலை, தண்ணீர்க் குழாய்க் கம்பத்தில் சிவப்புத் துணி கட்டுவது என்று முடிவாயிற்று. கட்டும் பொறுப்பு எனக்கு. முனியாண்டி மாமா அதைக் கண்ணால் பார்ப்பார். வேலை விட்டு வரும் அக்கா கையால் தொட்டுப் பார்ப்பார். மூன்று மாதத்தில் ஒரு தொட்டியும் கவிழவில்லை. ஒரு செவ்வாயன்று சூசை மாமா வந்து, இரும்புச் சத்தத்துக்கு அக்கா தொட்டியோடு வெளியே வருவதை ஓரமாக நின்று பார்த்தார். "சரி, இரு," என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா கடைசிவரை அந்த வீட்டிலேயே இருந்தார்.

வெள்ளிக்கிழமை அடக்கம். அதற்கு முன் இரங்கல் தாளை எல்லாருக்கும் வாசிக்கும்படி சூசை மாமா என்னிடம் கொடுத்தார். பெயரில் தொடங்கி அடியிலிருந்த அச்சகத்தின் பெயர்வரை வாசித்தேன்.

"அச்சகம் எதுக்கு புள்ள?" என்றார் பாக்கியம் அக்கா, அழுதுகொண்டே.

எழுதியிருப்பதில் எது தனக்கு வேண்டும் என்பதை, வாசிப்பவர் அல்ல, காதால் கேட்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஞானம் அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான்.

மறுநாள் சனிக்கிழமை என்பதால் அன்று மாலையும் துணியைக் கட்டினேன். முனியாண்டி மாமா அதைப் பார்த்துவிட்டு வந்து, அக்காவின் தொட்டியை அவரே வாசலில் கொண்டுவந்து வைத்தார். வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, அக்காவின் வீட்டில் எங்களுக்காகப் போட்டிருந்த விளக்குகளைச் சூசை மாமா ஒவ்வொன்றாக அணைத்தார்.