தபசுக்கு முன் வந்த குப்பை லாரி

ஆடித்தபசுக்காகச் சங்கரன்கோவில் போகும் பஸ் கரிவலம்வந்தநல்லூரில் நிற்கிறது. தட்டும் சாக்குமூட்டையுமாக ஏழெட்டுப் பேர் வெயிலில் நடந்து வருகிறார்கள். எல்லோர் துணியிலும் அழுகிய வாழையிலை ஒட்டியிருக்கிறது. கைக்குழந்தைக்காரி ஒருத்தியிடம் ஜன்னல் வழியே கேட்கிறேன்.

“என்னம்மா ஆச்சு?”

“திருவிழாவுக்கு மந்திரி வாராராம், அண்ணாச்சி. கோயில் வாசல்ல கெடந்த எங்கள குப்பை லாரில ஏத்தி, இங்கன தட்டிட்டுப் போயிட்டாவ.”

எனக்குக் கொதிக்கிறது. திருடினார்களா, அடித்தார்களா? இல்லாதவர்கள் கண்ணில் படுவதே குற்றமென்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

“எழுதிக் கொடுப்போம். அந்த லாரியை அடையாளம் தெரியுமா?”

“தெரியாம என்ன? நேத்து பூரா கூலிக்கு மந்திரி வார ரதவீதியப் பெருக்கி, அந்த லாரிலதான குப்பைய அள்ளிப் போட்டேன்.”