ஸ்டமாதியாவின் அலமாரி

கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு பணியாளர் பிரிவு எழுத்தர் ஸ்டமாதியா கேட்கிறாள்: "நீ யார் வீடு?" நகராட்சியில் புதிதாக வேலைக்குச் சேர வருகிறவர் யாரானாலும், பேரைச் சொல்லி வாயை மூடுமுன் இந்தக் கேள்வி வந்துவிடும்.

ஏதென்ஸிலிருந்து வரும் நியமன உத்தரவில் இருக்கிற பேரை வைத்து எங்கள் தீவில் ஆளைப் பிடிக்க முடியாது. தாத்தா பேர்தான் பேரனுக்கு, பாட்டி பேர்தான் பேத்திக்கு. அண்ணன் தம்பி பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் அதே பேரோடு திரிவார்கள். அதனால் பணியாளர் கோப்புகளை அப்பன் பேர்வாரியாகத்தான் அலமாரியில் அடுக்கியிருக்கிறாள்.

சான்றிதழில் மடிப்பு விழுந்தால் அவளுக்கு ஆகாது. உள்ளங்கையால் நீவிக்கொண்டே இருப்பாள். புது ஆட்கள் கொண்டுவரும் இனிப்பை, காகிதத்தில் பாகு படாமல் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் தின்பாள்.

போன வாரம் கல்லியோப்பி என்ற பெண் உறுதிமொழி எடுக்க வந்தாள். குழந்தைகள் காப்பகத்தில் சமையல் வேலை. அன்றுதான் கடைசி நாள்; தவறினால் நியமனம் ரத்து. துணை மேயர் லெஃப்தெரிஸ் வேதப்புத்தகத்தோடு நிற்கிறார். அனார்கிரோஸ் மகள் கல்லியோப்பி என்று தேடினால் கோப்பே இல்லை.

"எனக்குக் கப்பல் ஊதப்போகுது. கோப்பைத் தின்னுட்டியா?" என்றார் லெஃப்தெரிஸ்.

"உங்க வயிறு எனக்கு ஏது? பேசாம நில்லுங்க." சொல்லிக்கொண்டே அலமாரியை இன்னொரு முறை துழாவினாள். பெண்ணின் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்குச் சான்றிதழ் கொடுக்க வந்தப்ப, யார் வீடுன்னு கேட்டதுக்கு என்னடி சொன்னே?"

"ஸ்டாத்திஸ் வீடுன்னேன்."

"அவன் உன் பெரியப்பன்டி."

"அப்பாதான் கடலுக்குப் போய்த் திரும்பலையே அக்கா. சோறு போட்டு வளர்த்தது பெரியப்பா. நீங்க யார் வீடுன்னுதானே கேட்டீங்க?"

ஸ்டாத்திஸ் மகளும் கல்லியோப்பிதான், நகராட்சிப் பூங்காவில் வேலை. இருவருக்கும் பேர் தந்த கிழவி என் மாமியாருக்கு ஒன்றுவிட்ட தங்கை. அந்தப் பூங்காக்காரியின் கோப்புக்குள் இவளுடைய சான்றிதழ்கள் அத்தனையும் மடிப்பில்லாமல் கிடந்தன.

ஸ்டமாதியா புது அட்டை எடுத்து, சட்டப்படி அனார்கிரோஸ் பேரை எழுதினாள். பெண் வேதப்புத்தகத்தில் கைவைத்துச் சொல்லி முடித்துக் கையெழுத்துப் போட்டாள். லெஃப்தெரிஸ் துறைமுகத்துக்கு ஓடினார்.

அனார்கிரோஸுக்குத் தனித் தட்டு வைக்க அலமாரியில் இடம் இருந்தது. ஸ்டமாதியா அங்கே போகவில்லை. இரண்டு கல்லியோப்பிகளின் கோப்புகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒரே நாடாவால் கட்டி, ஸ்டாத்திஸ் தட்டில் செருகினாள்.